சத்தம் எந்தப் பக்கம்

என் இடது காதில் ஒரு கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கிறது. போர்வெல் லாரியில் இருந்த காலத்தில் அது வெளியே ஓடியது. லாரியை விட்டு வந்த பிறகு உள்ளே குடிவந்துவிட்டது. தூங்கும்போது மட்டும் அது நிற்கிறதா என்று எனக்குத் தெரியாது. அப்போது கேட்க நான் இருப்பதில்லை.

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுத் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஏறியவன் நான். விதர்பா, மராத்வாடா, சத்தீஸ்கர் என்று தண்ணீர் இல்லாத ஊர்களாகப் பார்த்துப் போனோம். துளைக்குள் ராடு இறங்கும்போது பக்கத்தில் நிற்கிறவனுக்குக் காதில் வைக்கக் கொஞ்சம் பனியன் வேஸ்ட் கிடைக்கும். கை துடைப்பதும் அதில்தான், கிரீஸ் துடைப்பதும் அதில்தான். விரல் போனவனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். காது போனவன் வேலையில் நீடிப்பான். அதனால் காது போவதை யாரும் ஒரு விபத்தாகவே எண்ணவில்லை.

அதன் பிறகு சோலாப்பூரில் ஓட்டல் வேலை, லாத்தூரில் டயர்க் கடை, ஹிஞ்சேவாடியில் கம்பெனி கார்கள் நிற்கும் இடத்தில் வாட்ச்மேன். பின்னால் வந்த கார் ஹார்ன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. அதன் கண்ணாடி என் முழங்கையைத் தட்டிவிட்டுப் போனது. டிரைவர் இறங்கி வந்து திட்டினான். அவன் வாய் அசைந்ததை வைத்துத்தான் திட்டுகிறான் என்று புரிந்துகொண்டேன். அந்த வேலையும் போனது.

இப்படிப்பட்டவன் துப்பாக்கி சுடும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தது சரியா என்று நான் யோசிக்கவில்லை. வேலை இருக்கிறது என்றார்கள், போனேன்.

அதே ஊரில் நிக்டியைத் தாண்டி, குன்றை ஒட்டி இருக்கிறது அந்த ரேஞ்ச். தனியார் இடம். கூரை போட்ட வரிசையில் ஐந்து லேன், லேனுக்கு ஒரு மேஜை. இருபத்தைந்து மீட்டர் தள்ளி டார்கெட் தாள்கள், அவற்றுக்குப் பின்னால் மண் மேடு. சுடுகிறவர்களுக்குப் பின்புறம் ஒரு கம்பித் தடுப்பு, அதற்கும் பின்னால் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு பெஞ்சு. போட்டிக்குப் பழகும் பிள்ளைகள் வருவார்கள். லைசென்ஸ் வைத்திருக்கும் பணக்காரர்கள் சொந்த ரிவால்வரோடு வருவார்கள். சுட்டு முடித்ததும் இடது ஓரத்துக் கதவைத் திறந்துகொண்டு போய்ப் பழைய தாளைக் கிழித்துப் புதிய தாளை ஒட்டிவிட்டு வருவது என் வேலை.

இதில் முக்கியமானது ஒன்றுதான். நான் டார்கெட்டை நோக்கி நடக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கக் கூடாது. அதை எனக்குச் சொல்ல முன்பு ஒரு சிவப்பு விளக்கு இருந்ததாம். நான் சேர்வதற்கு முந்தைய மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கி அணைந்துவிட்டது. யாரும் மாற்றவில்லை. ஆக எல்லாம் வாய்ச் சொல்லில் நடந்தது. வாய்ச் சொல் என்றால் என் பக்கம் அதை வாங்க வேண்டியது காது.

ரேஞ்ச் ஆபீசர் அந்த ஊரிலேயே, கோர்படியில் பிறந்து வளர்ந்தவர். தமிழ்க் கிறிஸ்தவர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து ராணுவத்தோடு வந்த குடும்பம். அவரும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். மற்றவர்கள் முன்னால் சார் என்பேன். தனியாக இருந்தால் அண்ணா.

நான் சேர்ந்த புதிதில் அங்கே சுட்டு முடித்துவிட்டேன் என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். 'கிளியர்' என்று ஒருவர், 'ஹோ கயா' என்று இன்னொருவர், 'ஜாலா' என்று மராத்தியில் ஒருவர். தன் துப்பாக்கி காலியானால் உலகத்தில் உள்ள எல்லாத் துப்பாக்கியும் காலி என்று நினைப்பு. ஒருமுறை யாரோ 'கிளியர்' சொன்னதைக் கேட்டு நான் கதவில் கை வைத்துவிட்டேன். இரண்டாவது லேனில் ஒரு பெண் இன்னும் குறிபார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீசர் ஓடிவந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"இன்னாப்பா, அவ்ளோ அவசரமா? மேல போறதுக்கு டிக்கெட் எட்த்துட்டியா?"

"கிளியர்னு கேட்டுச்சுங்ணா."

"எவன் சொன்னான்? ஜோசியக்காரனா? கேளு. இங்க தமிழ் பேசுற ஆளு நாம ரெண்டு பேர்தான். நான் எல்லா லேனையும் பாத்துட்டு 'போலாம்'னு சொல்வேன். அத்த கேட்டாதான் நீ நகரணும். கவர்னரே வந்து இந்தில சொன்னாலும் நகராத. சமஜா?"

"சரிங்ணா."

அன்றிலிருந்து அது வழக்கமானது. அந்த ஊரில், அந்தக் கூரையின் கீழ், தமிழ் எனக்குப் பச்சை விளக்கு. எத்தனை பேர் எத்தனை மொழியில் கத்தினாலும் சும்மா நிற்பேன். 'போலாம்' வந்தால் நடப்பேன்.

சிக்கல் என்னவென்றால், ரேஞ்சில் கொடுத்திருந்த சாதாரண இயர் மஃப் இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்துக் காதில் வைத்ததுபோல இருக்கும். வெடிச் சத்தத்தை அடைக்கும், கூடவே 'போலாமை'யும் அடைத்துவிடும். நல்ல காது உள்ளவனுக்கு அதன் வழியாகவும் ஏதோ கேட்கும். எனக்கு ஒன்றும் கேட்காது. அதனால் வலது மூடியைத் தூக்கி நெற்றியோரம் வைத்துக்கொள்வேன். மிச்சமிருந்த நல்ல காதை இப்படித் திறந்து வைத்து, அதன் வழியாக நாள் முழுவதும் ரிவால்வர் சத்தத்தை வாங்கினேன். கூரையும் பக்கச் சுவரும் அதை இரட்டிப்பாக்கித் தரும். சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் கேட்பது, பஸ் உறுமுவது எல்லாம் பஞ்சு மூட்டைக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல இருக்கும். காலையில் கொஞ்சம் திரும்பி வரும். ஒவ்வொரு காலையும் கொஞ்சம் குறைவாக வந்தது.

தர்ம ஆஸ்பத்திரியில் காது பார்க்கும் அம்மா ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துப் பீப் பீப் என்று ஏதோ கேட்கச் செய்தார். பல இடங்களில் அவர் பொத்தானை அழுத்துவதைப் பார்த்துத்தான் கை தூக்கினேன். அவர் அதைக் கண்டுபிடித்து என்னைத் திரும்பி உட்காரச் சொன்னார். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்றார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எலெக்ட்ரானிக் இயர் மஃப் என்று ஒன்று இருப்பது எனக்கு முன்பே தெரியும். போட்டிக்குப் பழகுகிறவர்கள் போட்டிருப்பார்கள். காதை மூடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணமாகப் பேசுவார்கள். வெளியே மைக், உள்ளே சின்ன ஸ்பீக்கர். சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும். வெடிச் சத்தம் வந்தால் அந்தக் கணமே அடைத்துக்கொள்ளும். எனக்காகவே யாரோ யோசித்துச் செய்ததுபோல இருந்தது.

விடுமுறை நாளில் தனியாகவே ராணுவக் குடியிருப்பான கேம்ப் பக்கம் போனேன். பூட்ஸ், பெல்ட், கூடாரத்துணி எல்லாம் விற்கும் கடை. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் இரண்டு மூடியிலும் மைக், இரண்டிலும் சத்தம் கூட்டும் திருகு. இன்னொன்றில் இடது மூடியில் மட்டும் மைக், ஆனால் சத்தம் இரண்டு காதிலும் வரும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

இரண்டு மைக் உள்ளதை முதலில் போட்டேன். மெல்லிய சீறல், பிறகு கடை கேட்டது. பரவாயில்லை என்று தோன்றியது. அடுத்து ஒற்றை மைக் உள்ளதைப் போட்டேன். மின்விசிறி இறக்கை காற்றை வெட்டுவது கேட்டது. கடைக்காரர் சட்டைப்பையில் சில்லறை உரசுவது கேட்டது. வெளியே புறா ஒன்று எழும்பியது, அதன் சிறகடிப்பு என் மண்டைக்குள் நடந்தது. நான் காலை நகர்த்தினேன். என் செருப்புச் சத்தம். அதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

கடைக்காரர் முகத்துக்கு நேரே ஓங்கிக் கை தட்டினார். சத்தம் கத்தரியால் வெட்டியதுபோல அறுந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது.

"இதுதான் ஏக் நம்பர் மால்," என்றார். "அது அமைதி. இது பவர்."

வருஷக்கணக்கில் பட்டினி கிடந்தவன் எந்தத் தட்டில் அதிகம் இருக்கிறது என்றுதான் பார்ப்பான். பவரை எடுத்துக்கொண்டேன்.

ஆபீசரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பக்கம்தான் மைக் கீது?"

"ரெண்டு காதுலயும் கேக்குதுங்ணா. நீங்க மூச்சு விடறது கூடக் கேக்குது."

"அத்த எதுக்கு நீ கேக்கற? என் வீட்டுக்காரி கம்ப்ளெயின்ட் குடுத்தாளா?" என்று சிரித்தார். ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது அந்த மைக் துளையை இன்னொரு முறை விரலால் தடவிப் பார்த்தார்.

சில வாரம் எல்லாம் நன்றாகப் போனது. இரண்டு காதையும் மூடியபடி நின்றேன். சாயங்காலம் பஸ் கேட்டது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன், கவனித்துவிட்டு ஒதுக்கிவிட்டேன். அந்த மஃப்பில் எல்லாக் குரலும் ஒரே குரலாகத்தான் கேட்டது, பழைய ரேடியோவில் வருவதுபோல. யாராவது என்னைக் கூப்பிட்டால் தலையைச் சுற்றிச் சுற்றித் தேடுவேன். எல்லோரும் என் மண்டைக்கு நடுவில் நின்று பேசினார்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். ஐந்து லேனும் நிறைந்திருந்தது. பெஞ்சிலும் கூட்டம். நான் கதவோரம் குனிந்து புதிய தாள்களுக்கு டேப் கிழித்துக்கொண்டிருந்தேன். சுடுவது ஓய்ந்தது. நான்கு லேனில் ஆட்கள் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டார்கள். ஐந்தாவது லேனில் ஒரு பில்டர், அடிக்கடி வருகிறவர், ரிவால்வரில் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தார். ஆபீசர் இரண்டாவது லேனில் ஒருவருடைய பிஸ்டலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது தாளும் டேப்பும்தான்.

"போலாம், போலாம்," என்று மண்டைக்குள் கேட்டது.

ஆண் குரல், தமிழ். கதவைத் திறந்துகொண்டு நடந்தேன்.

பாதி தூரம் போயிருப்பேன். எங்கோ தூரத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டியதுபோல ஒரு சத்தம். மஃப் அதை அவ்வளவு மென்மையாக்கியிருந்தது. எனக்கு எதிரே வலப்பக்கம் மண் மேட்டில் கொஞ்சம் புழுதி எழுந்தது. ஓணானாக இருக்கும் என்று நினைத்தேன். மறுபடி கதவு தட்டும் சத்தம். மறுபடி அதே இடத்தில் புழுதி.

ரிக்கில் ராடு நழுவினால் ஓடக் கூடாது, குந்த வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். எந்தப் பக்கம் விழும் என்று தெரியாதபோது ஓடுவது ஆபத்து. புத்திக்கு எட்டும் முன்பே உடம்பு குந்திவிட்டது. அப்படியே சரிந்து இடதுபக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஆபீசர் கத்தியது துண்டு துண்டாகக் கேட்டது. அடுத்த வெடி அவர் குரலையும் சேர்த்து வெட்டியது. 'ரு' என்று வந்தது, பிறகு ஒன்றுமில்லை, பிறகு 'கோ' என்று வந்தது. 'ருகோ', சுடுவதை நிறுத்து என்கிறார். பிறகு எல்லாம் கேட்டது. என் மூச்சு, சுவரில் சட்டை உரசுவது, யாரோ ஒரு குழந்தை பிஸ்கட் கவரைக் கசக்குவது.

திரும்பி வந்தபோது பில்டர் முகம் வெளுத்து நின்றிருந்தார். பிறகு கோபமானார்.

"அரே, ஏ கஹான் ஸே ஆயா? இவன் எங்கிருந்து வந்தான்? நான் என் தாளைத்தானே சுட்டேன்? இவன் பக்கமா சுட்டேன்?" என்று இந்தியில் எல்லோரிடமும் கேட்டார்.

உண்மைதான். அவர் அவருடைய தாளைத்தான் சுட்டார்.

ஆபீசர் என் தோளைப் பிடித்திருந்தார். பிடித்தபடியே என்னை உலுக்கினார்.

"சாவணும்னா சொல்லு. கோர்படில என் வீட்டுக்குப் பின்னால ரயில் ஓடுது, நானே கூட்டினு போய் விடறேன். என் ரேஞ்சுல ஏன்டா?"

"நீங்கதானுங்ணா போலாம்னீங்க."

"நான் எங்கடா சொன்னேன்!"

அப்போது பெஞ்சிலிருந்து ஒரு இளைஞன் எழுந்து கம்பித் தடுப்பு அருகே வந்தான். கழுத்தில் ஹிஞ்சேவாடிக் கம்பெனி அட்டை, ஞாயிற்றுக்கிழமையும் கழற்றவில்லை. பக்கத்தில் மனைவி, கையில் பையும் தண்ணீர் பாட்டிலும். புறப்பட்டு நின்றார்கள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, நீங்க தமிழா? இங்க தமிழ்க் குரல் கேட்டதும் ஆச்சரியமாயிடுச்சு. எந்த ஊருண்ணா?"

"திருச்செங்கோடுங்க," என்றேன்.

"நாங்க திருச்சி. இவளுக்குப் பசி வந்துடுச்சு, போலாமா போலாமான்னு அப்பவே பிடிச்சு ஒரே நச்சு. சரி போலாம், போலாம்னு எந்திரிச்சா இங்க என்னமோ கலாட்டா. யாருக்கும் ஒண்ணும் இல்லையேண்ணா?"

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்லீங்க," என்றேன். "வெயில் இன்னும் ஏறறதுக்கு முன்னால கிளம்புங்க."

அவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை ஆட்கள் வருமுன் ஆபீசர் என்னை ரேஞ்சின் நடுவில் நிறுத்தினார். மஃப்பைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடச் சொன்னார்.

"நான் சத்தம் குடுப்பேன். எந்தப் பக்கம்னு கை காட்டு."

கூப்பிட்டார். காட்டினேன். மறுபடி கூப்பிட்டார். மறுபடி காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தேன். அவர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். என் கை முன்னால் மண் மேட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு தபா கூட சரியா காட்டலப்பா நீ," என்றார் மெதுவாக. "ஒத்த மைக்குல திசை எங்கேர்ந்து வரும்? ரெண்டு காதுக்கும் ஒரே சத்தம். நீ ரேடியோவ தலைல மாட்டினு டார்கெட்டுக்குப் போயினு கீற."

இந்த முறை அவரும் கடைக்கு வந்தார். கடைக்காரர் பழையதைத் திருப்பி எடுக்க மனமில்லாமல் முனகினார். ஆபீசர் நிமிர்ந்து நின்று மராத்தியில் ஏதோ சொன்னார், கடைக்காரர் எடுத்துக்கொண்டார். இரண்டு மைக் உள்ளதைப் போட்டுக்கொண்டு கடைக்கு நடுவில் கண்ணை மூடி நின்றேன். பெல்ட் வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். முதலில் எல்லாம் வலதுபக்கமே சாய்ந்து கேட்டது. என் இடது காதுதான் பாதி செத்ததாயிற்றே. ஆபீசர் இடது மூடியின் திருகை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். ஒரு இடத்தில் கடை விரிந்தது. மின்விசிறி மேலே போனது. தெரு வாசலுக்குப் போனது. கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். ஆபீசர் பூட்ஸ் அடுக்கின் பக்கமிருந்து இருமினார். சரியாகக் காட்டினேன்.

சத்தம் குறைவுதான். செருப்புச் சத்தம் இதில் கேட்பதில்லை. பழகிக்கொண்டேன்.

வேறு ஒரு ஏற்பாடும் வந்தது. சுட்டு முடித்தவர்கள் ரிவால்வரின் உருளையை வெளியே தள்ளித் திறந்து வைத்து, அதன் ஓட்டை ஒன்றின் வழியாக ஒரு மஞ்சள் நைலான் கயிற்றைச் செருக வேண்டும். கயிறு தெரிந்தால் துப்பாக்கி காலி. ஆபீசர் எல்லாக் கயிற்றையும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். நான் அவர் வாயைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். முதலில் எல்லோரும் பயபக்தியோடு செருகினார்கள். பிறகு கயிறு மேஜையில் கிடக்க ஆரம்பித்தது. 'காலிதான், நான் சொல்கிறேன் அல்லவா' என்று ஆரம்பித்தார்கள். ஆபீசர் கிறிஸ்துமஸ் முடிந்ததும் மகளோடு இருக்க பெங்களூர் போகிறார். அவர் இடத்துக்கு வரப்போகிறவர் ஒருநாள் வந்து சுற்றிப் பார்த்தார். மஞ்சள் கயிறு எதற்கு என்று கேட்டார்.

இதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் நான் வேலையை விட்டிருக்கிறேன், ஊரையே விட்டிருக்கிறேன். ஊர் மாறும்போது தூக்கும் பை இப்போதும் சுவரில்தான் தொங்குகிறது.

போன வாரம். ஐந்து மேஜையிலும் கயிறு தெரிந்தது. ஆபீசர் என்னை நேராகப் பார்த்து, "போலாம்," என்றார். அவர் வாய் அசைந்ததைப் பார்த்தேன். நடந்தேன்.

பாதி தூரத்தில் பின்னால் ஒரு சின்னச் சத்தம். உருளை உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும் சத்தம். பழைய மஃப்பாக இருந்தால் மண்டைக்குள் ஏதோ ஒரு க்ளிக். இப்போது திசை தெரிந்தது. பின்னால், வலக்கோடி, ஐந்தாவது லேன்.

நான் திரும்பவில்லை. இடதுபக்கச் சுவரோரம் போய்க் குந்தினேன். ஆபீசரின் பூட்ஸ் நடுவிலிருந்து வலதுபக்கம் வேகமாகப் போவது கேட்டது. பில்டர், நண்பருக்குக் காட்டத்தான் எடுத்தேன், காலிதான், காலிதான் என்று சொல்வது கேட்டது. உருளை மறுபடி திறந்தது.

பிறகு மேஜைமேல் தோட்டா விழும் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று.

நான் எழுந்து போய்த் தாள்களை மாற்றினேன். ஐந்தாவது லேனுக்கும் ஒட்டினேன்.